சஹனிலிருந்து எடுத்த கை

சாப்பிடும்போது எனக்கு இடது கன்னம் வியர்க்கும். இடது மட்டும். வலது கன்னம் பாட்டுக்குக் காய்ந்து கிடக்க, இடது காதுக்கு முன்னால் சூடேறிச் சிவந்து, தாடை வரைக்கும் நீர் ஊறி வடியும். மின்விசிறிக்குக் கீழே இருந்தாலும் வடியும், மாரி மழையிலும் வடியும். அச்சாறு, புளி, தேசிக்காய் என்று புளிக்கிற எதுவென்றாலும் கேட்கவே வேண்டாம், கண்ணால் கண்டாலே தொடங்கிவிடும். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். நானும் ஒரு காலம் சேர்ந்து சிரித்தவன்தான்.

எல்லாம் ஒரு கட்டியில் தொடங்கியது. காதுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒன்று. நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. சவரம் செய்யும்போது பிளேடு மேடேறி இறங்கியதால்தான் தெரிந்தது. நான் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வூதியம் எடுத்தவன். காலம் முழுக்க முத்திரையை நாக்கில் தொட்டு ஒட்டியவன். கட்டி எச்சில் சுரப்பியில் என்ற கதை எங்கள் ஊரான முசலியில் பரவியதும், பள்ளிவாசல் முற்றத்தில் அஸர் தொழுகைக்குப் பிறகு கூடுகிற கூட்டத்துக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "அரசாங்கத்துப் பசையெல்லாம் அங்க போய்ச் சேர்ந்திட்டுது, இனி இவரைக் கடித உறையில ஒட்டித்தான் அனுப்பவேணும்" என்றார் ஒருவர். வாயை மூடிக்கொண்டு போகிற ஆளில்லை நான். "உங்கட வாயையும் சேர்த்து ஒட்டிப்போட்டுத்தான் போவன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்கு முன்னால் நின்று கட்டியைத் தடவிப் பார்த்தேன்.

கொழும்பில் வெட்டி எடுத்தார்கள். கெட்ட சாதிக் கட்டி இல்லை என்று சொன்னபோது என் மனைவி ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடியே அல்லாஹ்வுக்கு நன்றி சொல்லிச் சுஜூது செய்யக் குனிந்தாள். காதுக்கு முன்னால் தொடங்கிக் கழுத்துக்குக் கீழே வளைகிற ஒரு தழும்பு மிஞ்சியது. காதுச் சோணை மரத்துப் போயிற்று. கொஞ்ச நாள் வாய் ஒரு பக்கம் கோணி, பிறகு நேராகியது. தப்பித்தேன் என்றுதான் எண்ணினேன்.

மாதங்கள் கழிந்த ஒரு மத்தியானம் மனைவி திருக்கை மீன் ஆக்கி, கூடவே புளியாணமும் வைத்திருந்தாள். இரண்டு வாய் வைக்கவில்லை, கன்னத்தில் ஏதோ ஊர்ந்தது. பூச்சி என்று தட்டினேன். கை நனைந்தது.

"இஞ்சேருங்கோ, கொச்சிக்காய் கூடி உறைக்குதா?" என்றாள்.

அடுத்த நாளிலிருந்து கொச்சிக்காயைக் குறைத்தாள். வியர்த்தது. மிளகைக் குறைத்தாள். வியர்த்தது. பிறகு ஆணம் வெறும் தேங்காய்ப்பாலாக ஆகிவிட்டது, ஆஸ்பத்திரிச் சோறு தோற்றுப்போகும். அதற்கும் வியர்த்தது. பாண் ரொட்டியும் வாழைப்பழமும் தின்றால்கூட வியர்த்தது. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. வெட்டின இடம் உள்ளுக்குள் பிய்ந்து நீர் வருகிறது என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்கு விளங்கியது, ஏனென்றால் நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடல்பாலம் கடந்து மன்னார் டவுனுக்குப் போனோம். கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர்ப்பிள்ளை. அவர் என் கன்னத்தில் அயடீன் பூசி, காயவிட்டு, அதற்குமேல் மாவைத் தூவி, கையில் ஒரு தேசிக்காய்ப் பாதியைத் தந்து சூப்பச் சொன்னார். சூப்பினேன். கொஞ்ச நேரத்தில் என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். கண்ணாடியைக் காட்டினார்கள். இடது கன்னம் முழுக்கக் கருநீலமாகி, அரைத் தாடி முளைத்தவன் மாதிரி இருந்தேன். வியர்வை பட்ட இடமெல்லாம் அந்த நிறத்துக்கு மாறுமாம்.

"பயப்பிட ஒண்டுமில்லை ஐயா" என்றார் டொக்டர். "எச்சில் சுரப்பிக்குப் போற நரம்பு ஒப்பரேசனில வெட்டுப்பட்டிருக்கு. வெட்டுப்பட்ட நரம்பு சும்மா இராது, திரும்ப வளரும். ஆனா அது போகவேண்டிய சுரப்பி இப்ப இல்லை. அதால தோலில இருக்கிற வேர்வைச் சுரப்பியோட போய்ச் சேர்ந்திட்டுது. எச்சில் ஊறு எண்டு மூளை சொல்லுது, கன்னம் வேர்க்குது."

"திரும்பி வந்து பார்த்தால் தன்ர வீட்டைக் காணேல்ல, பக்கத்து வளவுக்குள்ள குடியேறிட்டுது. அப்பிடித்தானே?" என்றேன்.

"ஓம், சரியாச் சொன்னீங்கள்" என்று அவரும் சிரித்தார்.

முசலிக்காரனுக்கு இதை விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நாங்களெல்லாம் யுத்த காலத்தில் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டுப் புத்தளத்துக்குப் போய், ஓலைக் கொட்டிலில் காலம் கழித்து, காடாகிப்போன வீட்டு வளவுக்குத் திரும்பி வந்து, எது யாருடைய எல்லை என்று அடித்துக்கொண்டவர்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டொக்டர். கொழும்பில் ஒரு ஊசி போடலாம், ஆனால் சில மாதத்துக்கொருமுறை திரும்பத் திரும்பப் போடவேண்டும். இல்லையென்றால் கக்கத்தில் பூசுகிற வியர்வை மருந்து இருக்கிறதே, அந்த உருட்டுக் குப்பி, அதைக் கன்னத்தில் பூசலாம். பஸ்ஸில் வரும்போது மனைவி என் காதருகே வந்து, "கக்கத்தையும் கன்னத்தையும் மாத்திப்போடாதீங்கோ" என்றாள். அன்றைக்குப் பெரிய நிம்மதியோடு வந்தோம்.

ஆனால் இதை வெளியில் ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கினேன். காரணம் சஹன்.

எங்கள் கலியாணம், கந்தூரி, கத்தம் எல்லாவற்றிலும் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டில் சோறும் கறியும் வைத்து, ஐந்தாறு பேர் அதைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்து, அவரவர் முன்னால் இருக்கிற பக்கத்திலிருந்து சாப்பிடுவோம். அடுத்தவர் பக்கத்தில் கை போடக்கூடாது. எல்லோரும் முடிக்கும்வரை யாரும் கையை எடுக்கக்கூடாது. பாதியில் ஒருவன் கையை எடுத்தால், இந்தத் தட்டில் உன்னோடு சாப்பிட எனக்கு மனமில்லை என்று சொன்னதாகத்தான் ஆகும். அப்படி எடுத்த கைகளால் எங்கள் ஊரில் சம்பந்தங்கள் முறிந்திருக்கின்றன. ஐந்து பேருடைய சோற்றில் என் கன்னத்து வியர்வை சொட்டினால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குக் கூசியது. ஒப்பரேசன் செய்த ஆள், தழும்பிலிருந்து என்னவோ வடிகிறது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் போகிற இடமெல்லாம் சீனி வருத்தம், நீரிழிவு என்று பொய் சொல்லி, தனிப் பீங்கான் தட்டில் கொஞ்சம் வாங்கி, சுவர்ப் பக்கம் திரும்பி இருந்து சாப்பிடப் பழகினேன். எனக்குச் சீனியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

இனி நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நானா என் கூடப்பிறந்த ஒரே அண்ணன். வாப்பாவின் வளவின் மறுபாதியில் வயல்காரனாக இருந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றின் வாய்க்குக் குறுக்கே ஒரு தகர வேலி. பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். புத்தளத்திலிருந்து முதலில் திரும்பி வந்தவன் நான். பற்றை வெட்டி, தூர்ந்து கிடந்த கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கியவன் நான். பிறகு வந்த நானா, வாப்பா பிரித்துத் தந்தபடி கிணறு தன் பக்கம் என்றார். என் பக்கம் என்றேன் நான். காணி உறுதிப் பத்திரம் எல்லாம் போன இடம் தெரியாது, எல்லை மரமும் இல்லை. இரண்டு பேருக்கும் வாப்பாவின் வாய் வாய்த்திருந்தது, பேசக்கூடாததெல்லாம் பேசினோம். கடைசியில் பள்ளிவாசல் நிர்வாகம் வந்து கிணற்றைச் சரிபாதியாக்கிவிட்டுப் போனது. நானா தகரத்தை அடித்தார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை.

பேச்சு இல்லையே தவிர, ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாமல் இல்லை. விடிகாலை சுபஹுத் தொழுகைக்கு முன் கை முகம் கழுவி ஒளு எடுக்க நான் வாளியை விடும்போது தகரத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய கப்பி கிறீச்சிடும். ஒரே தண்ணீரில் இரண்டு வாளியும் விழும். அவருடைய இருமலை வைத்தே அவருக்குத் தடிமனா, வயலில் புழுதியா என்று சொல்வேன். ஒரு நாள் கப்பிச் சத்தம் கேட்காவிட்டால் மனைவியை வேலிப் பக்கம் அனுப்பி விசாரிக்கச் சொல்வேன். வருடக்கணக்கில் எங்கள் சகோதர பாசம் இந்த அளவில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்படியிருக்கும்போது நானாவின் கடைசி மகளுக்குக் கலியாணம் வந்தது. அவருடைய மூத்த மகன் வந்து முறையாகச் சொன்னான். அவன் போன பிறகு பள்ளி நிர்வாகத்துப் பெரியவர் ஒருவர் வந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, "உங்கள ரெண்டு பேரையும் ஒரு சஹனில வைக்கப்போறம்" என்றார். கேட்கவில்லை, அறிவித்தார்.

எங்கள் பக்கத்தில் சண்டை முடிகிற விதம் இதுதான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. பகைத்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு சஹனில் இருத்துவார்கள். இரண்டு கையும் ஒரே சோற்றில் படவேண்டும், முடியும்வரை படவேண்டும். சாப்பிட்டுக் கை கழுவினால் சரி, பழைய கதையை அதற்குப் பிறகு எவனும் எடுக்கக்கூடாது.

"நானா ஓம் எண்டவரோ?" என்று கேட்டேன்.

"அவர்தான் கேட்டவர்" என்றார் பெரியவர்.

அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி என் சட்டையை இரண்டுமுறை அழுத்தினாள். கலியாண நாள் காலையில் அந்த உருட்டுக் குப்பியை எடுத்துக் கன்னம் முழுக்க அப்பினேன், பிறகு இன்னொரு தடவை அப்பினேன். "சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதெண்டா இப்பிடி அடிக்கமாட்டீங்கள்" என்றாள். தோல் இறுகியது. சந்தோஷமாகப் போனேன்.

நிக்காஹ் லுஹர் தொழுகைக்குப் பிறகு பள்ளியில். பள்ளிக்குப் போனால் ஒளு எடுக்கவேண்டாமா? நான் பாட்டுக்குத் தொட்டியடியில் குந்தி, கையைக் கழுவி, வாயைக் கொப்பளித்து, முகத்தை மூன்று தடவை நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டும்போதுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. குப்பி வீட்டில். நிக்காஹ் முடிந்து எல்லோரும் நேரே நானா வீட்டுக்குப் போகிறார்கள். என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

பந்தலுக்குள் பாய் விரித்து வெள்ளைச் சீலை போட்டிருந்தார்கள். பள்ளியிலிருந்தே என் கையை விடாமல், பக்கத்திலிருந்த என் வீட்டுக்குள் ஒரு எட்டு நுழையவும் விடாமல் கூட்டிவந்த பெரியவர், என் தோளைப் பிடித்து இருத்தினார். என் வலப்பக்கத்தில் நானா வந்து உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். நகத்துக்குள் வயல் மண் இருந்தது, மகளின் கலியாணத்துக்கும் போகாத மண். கையில் தண்ணீர் ஊற்றினார்கள். சஹன் வந்து மூடியைத் திறந்தார்கள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, பருப்பு, கத்தரிக்காய், நடுவில் அச்சாறு. அந்த வினாகிரி மணம் மூக்கில் ஏறியதுமே காதுக்கு முன்னால் சுருக்கென்றது.

பிஸ்மி சொல்லித் தொடங்கினோம். நான் கறி சேர்க்காமல் வெறுஞ்சோற்றைக் கிள்ளினேன். இடக்கையில் லேஞ்சித் துணியை வைத்துக்கொண்டு, வெக்கையைத் துடைக்கிற மாதிரித் துடைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற பிள்ளையாக இருந்தேன். தப்பிவிடலாம் என்றுதான் தோன்றியது. நானாவும் பேசவில்லை. எங்கள் இரண்டு கையும் ஒரு சாண் தூரத்தில் போய் வந்துகொண்டிருந்தன.

அப்போது நானா ஒரு எலும்பை எடுத்தார். அதிலிருந்த இறைச்சியை விரலால் பிரித்தார். எலும்பைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, சதையை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார்.

சின்ன வயதில் உம்மா எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பீங்கானில்தான் சோறு போடுவார். நானா எலும்பைத் தான் எடுத்துக்கொண்டு சதையை இப்படித்தான் என் பக்கம் தள்ளுவார். எலும்புதான் ருசி என்பார், நானும் நம்பினேன். பெரியவனாகி, கலியாணம் கட்டி, கொட்டிலில் கிடந்த காலத்தில் நிவாரணச் சோற்றுக்குள் ஒரு துண்டு மீன் இருந்தபோதும் அப்படித்தான் தள்ளினார். இத்தனை வருடம் கழித்து அந்த விரல்கள் என் பக்கம் வந்ததைக் கண்டதும் எனக்கு வாயூறியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், குழந்தைக்கு ஊறுகிற மாதிரி ஊறியது. வாயூறினால் என் கன்னத்துக்கும் சேதி போய்விடும்.

கொட்டத் தொடங்கியது. லேஞ்சி ஏற்கெனவே நனைந்து போயிருந்தது. தாடை நுனியில் ஒரு துளி திரண்டு என் முன்னால் இருந்த சோற்றில் விழுந்ததை என் கண்ணால் கண்டேன். அடுத்தது அந்த இறைச்சியில் விழும். அதில் விழக்கூடாது, வேறு எதில் விழுந்தாலும் பரவாயில்லை, நானா தந்ததில் விழக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது. கையை எடுத்தேன். முகத்தை இடப்பக்கம் திருப்பிக்கொண்டு எழுந்து பந்தலுக்குப் பின்னால் போனேன்.

குழாயடியில் கன்னத்தைக் கழுவி, சட்டைக் கையால் துடைத்து, திரும்பி வந்து இருக்கலாம் என்றுதான் போனேன். வந்து பார்த்தால் நானா இல்லை. மற்றவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார்கள். பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. சஹனில் என் பக்கத்தில் அந்தச் சதை அப்படியே கிடந்தது.

துளி விழுந்ததைக் கண்டுவிட்டார், அருவருத்து எழுந்து போய்விட்டார். அப்படித்தான் நான் எடுத்துக்கொண்டேன். முதலில் செத்துவிடலாம் போல வெட்கம். வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது கோபமாகிவிட்டது. கூடப்பிறந்தவனுடைய வியர்வை அவ்வளவு கசக்கிறதா? உம்மாவின் பீங்கானில் என் எச்சிலோடு தின்றவர்தானே? மனைவி போய்ச் சொல்கிறேன் என்றாள், "போனாயெண்டா திரும்பி வராதை" என்று கத்தினேன். எனக்கு வந்த நோயை நானே போய்ச் சொல்லி இரக்கம் வாங்குவதா? அவருக்கு வேண்டுமென்றால் அவர் வந்து கேட்கட்டும் என்று இருந்துவிட்டேன். எனக்கு நெஞ்சு அவ்வளவு நொந்திருந்தது.

அடுத்த நாள் சுபஹுக்கு வாளியை விட்டேன். அந்தப் பக்கம் கப்பிச் சத்தம் இல்லை. அவர் பள்ளித் தொட்டியில் போய் ஒளு எடுக்கத் தொடங்கிவிட்டாராம். என் வாளி மட்டும் விழுகிற சத்தம் கேட்கச் சகிக்கவில்லை. நானும் வேளையை மாற்றினேன்.

அறுவடைக்கு முந்திய ஒரு காலையில் நானா வயலுக்குப் போய், வரம்பில் உட்கார்ந்தவர், அப்படியே சாய்ந்துவிட்டார். பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தபோது நான் முற்றத்தில் நின்றேன். இன்னாருடைய மகன், இன்னாருடைய நானா என்று என்னையும் சேர்த்துச் சொன்னார்கள். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊர் எங்களை ஒன்றாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

மையத்தைச் சுமந்த சந்தூக்கில் தோள் கொடுத்தேன். தம்பி என்பதால் கபுறுக் குழிக்குள் நானும் இறங்கினேன். அவரைக் கையில் வாங்கி வைத்தபோதும் அழுகை வரவில்லை. கோபம் இன்னும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. மௌத்தான மனிதனோடும் கோபித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நானாவின் மனைவியை நான் மச்சி என்று கூப்பிடுவேன். புருஷன் மௌத்தானதும் அவர் இத்தா இருந்தார், அந்த நாட்களில் அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார். ஒரு நாள் பின்னேரம் நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவருடைய குரல் வந்தது.

"தம்பி, நீங்களோ நிக்கிறீங்கள்?"

"ஓம் மச்சி. சொல்லுங்கோ."

"ஒண்டு கேக்கவேணும். கோவிக்காதீங்கோ. இதை மனசுக்குள்ள வச்சுக்கொண்டு இத்தா இருக்க ஏலாமக் கிடக்கு."

"கேளுங்கோ மச்சி."

"அண்டைக்குக் கலியாணத்தில அவர் இறைச்சியை உங்கட பக்கம் தள்ளினவராம். அதுக்குப் பிறகுதான் நீங்கள் கையை எடுத்தனீங்களாம். அவ்வளவு கோவமா தம்பி உங்களுக்கு? அவர் தந்ததைத் தின்ன ஏலாத அளவுக்கு?"

கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டேன். பிறகு சொன்னேன். கட்டி, ஒப்பரேசன், நரம்பு, வியர்வை, உருட்டுக் குப்பி, ஒளு, எல்லாவற்றையும் ஒரு தகரத்தைப் பார்த்துச் சொன்னேன். துளி விழுந்ததையும், அதைக் கண்டு நானா அருவருத்துப் போனதையும் சொன்னேன்.

தகரத்துக்குக் கிட்ட மச்சியின் காலடி கேட்டது.

"எந்தக் கன்னம் தம்பி?" என்று கேட்டார்.

"இடது."

"அவர் உங்கட வலப்பக்கமெல்லோ இருந்தவர்."

என் கை வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தது.

"அவர் வேர்வையைக் காணேல்ல தம்பி. கையைத்தான் கண்டவர்." அவருடைய குரல் உடைந்தது. "வந்து கட்டிலில இருந்தவர். அவன் கையை எடுத்திட்டான், இனி நான் என்ன செய்ய எண்டு கேட்டவர். அதுக்குப் பிறகு ஒரு கலியாணத்திலயும் சஹனில இருக்கேல்ல. சீனி வருத்தம் எண்டு சொல்லித் தனிப் பீங்கான் கேட்டு வாங்குவார். அவருக்கு எங்க தம்பி சீனி வருத்தம்?"

அதே பொய். ஒரே வளவில் இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, ஒரே ஊரின் கலியாண வீடுகளில், ஆளுக்கொரு தனிப் பீங்கானோடு ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

"உங்கட ஒப்பரேசன் அண்டைக்கு அவர் நோன்பு பிடிச்சவர்" என்றார் மச்சி. "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாதெண்டு சொன்னவர். இப்ப சொல்லிப்போட்டன். அல்லாஹ் மன்னிக்கட்டும்."

கபுறடியில் வராத அழுகை கிணற்றடியில் வந்தது. தகரத்தில் தலையை வைத்து அழுதேன். அந்தப் பக்கம் அவரும் அழுதுகொண்டிருந்தார். நானா, நானா என்று கூப்பிட்டேன். வேலி அடித்த நாளிலிருந்து நான் வாயால் அழைக்காத சொல். கேட்க வேண்டியவர் இல்லாதபோது அதைச் சொல்லி என்ன பயன்?

நாற்பதாம் நாள் கத்தம் நானா வீட்டில் நடந்தது. புறப்படும்போது மனைவி குப்பியை நீட்டினாள். வேண்டாம் என்றேன். பாயில் உட்கார்ந்ததும் சஹனைச் சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "எனக்குச் சாப்பிட்டால் கன்னம் வேர்க்கும். ஒப்பரேசனால வந்தது, ஒட்டுற வருத்தமில்லை. அரியண்டம், அருவருப்பு எண்டு நினைக்கிறவை இப்பவே எழும்பி வேற சஹனுக்குப் போங்கோ" என்றேன். கொஞ்சம் உரத்துச் சொல்லிவிட்டேன் போல, பக்கத்துச் சஹன்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் எழும்பவில்லை. ஒருவர் அச்சாறை என் பக்கம் நகர்த்தினார்.

என் வலப்பக்கம் நானாவின் மூத்த மகன் இருந்தான். அவனும் வயல்காரன். யாருடனோ உழவு இயந்திரத்தின் பெல்ட் அறுந்த கதை பேசிக்கொண்டே சாப்பிட்டான். என் கன்னம் வழக்கம்போல் ஊற்றெடுத்தது. அவன் பேச்சை நிறுத்தவில்லை. இடக்கையால் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து, எட்டி, என் தாடையை ஒருமுறை துடைத்துவிட்டு, பெல்ட் கதையைத் தொடர்ந்தான். பிறகு ஒரு எலும்பை எடுத்து, சதையைப் பிரித்து, என் பக்கம் தள்ளினான்.

"தின்னுங்கோ சாச்சா."

அவ்வளவுதான். நான் இத்தனை காலம் பயந்து ஒளித்த விஷயம் ஒரு சால்வை நுனியில் முடிந்துவிட்டது. நானாவும் இதைத்தான் செய்திருப்பார். கண்டிருந்தால், கட்டாயம் இதைத்தான் செய்திருப்பார்.

அந்தத் துண்டை வாயில் வைத்தேன். விழுங்க முடியவில்லை. இரண்டு கன்னமும் நனைந்துகொண்டிருந்தன. சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராக முடித்து, என்னைப் பார்த்து, தயங்கி, கடைசியில் கை கழுவ எழும்பினார்கள். அவன் மட்டும் எழும்பாமல் இருந்தான். பாயைச் சுருட்ட ஆட்கள் வந்து நின்றார்கள். மற்ற எல்லோரும் போன பிறகும் என் கை சஹனிலேயே இருந்தது.